எந்த ஓரத்தில் தூசி

பெண் வீட்டிலிருந்து
மார்ச் 6

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். என் வலது முழங்காலை மட்டும் கணக்கில் சேர்க்காவிட்டால் குடும்பம் முழுவதுமே சுகம். தங்களுடைய சர்க்கரை எப்படி இருக்கிறது? சம்பந்தியம்மாவின் இருமல் நின்றதா?

குழந்தை, அதாவது தங்கள் மருமகள், நேற்றுக் காலை வந்து சேர்ந்தாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். இரண்டு பெட்டியோடு வந்திருக்கிறாள். பத்து நாளைக்கு இரண்டு பெட்டி எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

சாப்பிடும்போது மெல்லக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. எல்லாம் அந்த சீலிங் ஃபேனால் வந்த வினை. கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது; சுற்றும் திசையை மாற்ற அதன் வயிற்றில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கோடையில் காற்று கீழே இறங்க வேண்டும், ஆகவே ஃபேன் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம்தான் சுற்ற வேண்டும் என்கிறாராம் மாப்பிள்ளை. குழந்தைக்கு நேராக முகத்தில் காற்றடித்தால் தலை வலிக்கும். பிறந்ததிலிருந்தே அப்படி. முள் போகிற பக்கம் சுற்றினால் காற்று மேலே போய்ச் சுவரோரமாக மெதுவாக இறங்கும், எனக்கு அது போதும் என்கிறாள். இதில் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்திருக்கிறது. அடுத்த மாதம் வாக்கும் இல்லை, வாதமும் இல்லை.

நான் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன். எனக்குத் தெரிந்த திசைகள் மேலே, கீழே இரண்டுதான். வட்டமாகச் சுற்றுவதெல்லாம் கடிகாரம் பழுது பார்க்கும் தங்கள் இலாகா. கோடையில் ஃபேன் எந்தப் பக்கம் சுற்றுவது முறை என்று தாங்கள் தீர்த்துச் சொல்லிவிட்டால், பெரியவர்கள் சொன்னதாக இரண்டு பேரிடமும் சொல்லி முடித்துவிடலாம்.

போனில் கேட்டிருப்பேன். போனில் நடுநடுவே மௌனம் வந்துவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

தங்கள் சர்க்கரை குறைய வேண்டும் என்ற பிரார்த்தனையுடன்,
சம்பந்தி


பையன் வீட்டிலிருந்து
மார்ச் 19

அன்புமிக்க சம்பந்திக்கு,

நமஸ்காரம். சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரசாங்க உத்தியோகம் மாதிரி இருக்கிறது. இவளுடைய இருமல் நின்றுவிட்டது என்று எழுத உட்கார்ந்தேன், அடுத்த அறையில் இருமுகிறாள். தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா?

தாங்கள் கேட்டதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நாற்பது வருடமாகக் கடிகாரங்களை முதுகுப்பக்கமாகத் திறந்தே பார்த்துப் பழகியவன் நான். ஊருக்கெல்லாம் வலமாகப் போகிற முள் எனக்கு மட்டும் இடமாகப் போகும். ஆகவே அவசரப்படாமல் தாளில் வரைந்து, கட்டிலில் மல்லாந்து படுத்து, தாளைத் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகமும் பார்த்தேன். கோடையில் முள்ளுக்கு எதிர்ப்பக்கம் என்றுதான் போட்டிருக்கிறது. பையன் சொன்னது சரி என்று ஆகிவிடுகிறது. பையனின் அப்பாவாக இருந்துகொண்டு இதை நான் சொன்னால் நன்றாக இராது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் திசையை மாற்றிக்கொள்ளட்டும் என்பது என் யோசனை.

அவனிடம் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்றான். ஐந்து வயதில் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து இதையேதான் சொன்னான். நிலம் அளக்கிற உத்தியோகம், வெயிலில் நாளெல்லாம் அலைச்சல். அளந்ததை எழுதித்தானே பழக்கம், பேசியா பழக்கம்?

மருமகளின் பத்து நாள் பதினைந்தாம் தேதியோடு முடிந்திருக்கும். இன்னும் வந்து சேரவில்லை. தபால் மாதிரி அதுவும் தாமதமாகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒத்தடத்தை மறக்க வேண்டாம்.
சம்பந்தி


பெண் வீட்டிலிருந்து
ஏப்ரல் 4

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். ஒத்தடம் கொடுத்ததில் வலது முழங்கால் தேவலை. இப்போது இடது முழங்கால் ஆரம்பித்திருக்கிறது. அதற்கும் வெந்நீர்தானா?

தங்கள் யோசனையைக் குழந்தையிடம் சொன்னேன். "அப்போ ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனக்குத் தலைவலி வரணும், அவ்வளவுதானேப்பா?" என்றாள். எவ்வளவு நியாயமான ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கிறாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மாதச் சம்பளம். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை.

என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "ஃபேனைப் பத்தி இத்தனை பேசறீங்களே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே! எந்தப் பக்கம்னு கேட்டேனே!"

அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. இந்த வீட்டிலும் திசை மாறிக்கொண்டு வருகிறது.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் நாங்கள் முதலில் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்ப்போம். மோட்டார் பக்கம் போவது அதற்குப் பிறகுதான். அந்த முறைப்படி, தாங்கள் ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போய் மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. ஃபேன் இப்போது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

சம்பந்தியம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்லவும்.
சம்பந்தி


பையன் வீட்டிலிருந்து
ஏப்ரல் 21

அன்புமிக்க சம்பந்திக்கு,

நமஸ்காரம். இவள் வெந்நீர் குடிக்கிறாள். குடித்துவிட்டு இருமுகிறாள். இடது முழங்காலுக்கும் வெந்நீர்தான். முழங்கால்களுக்குள் நாம் பேதம் பார்க்கக் கூடாது.

போய்ப் பார்த்தேன். பையன் வேலைக்குப் போயிருந்த நேரம். என்னிடம் ஒரு சாவி உண்டு. ஃபேன் நின்றுகொண்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டால் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது என்பது தெரியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. ஃபேன் இறக்கையில் எந்த ஓரம் காற்றை வெட்டிக்கொண்டு முன்னால் போகிறதோ அந்த ஓரத்தில்தான் தூசி அப்பும். பின்னால் வருகிற ஓரம் சுத்தமாக இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறினேன்.

சம்பந்தி, இரண்டு ஓரத்திலும் தூசி! மூன்று இறக்கையிலும்! அரைவிரல் கனத்துக்கு நல்ல தூசி. இதற்கு என்ன அர்த்தம்? ஃபேன் இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது. அவன் பிடிவாதக்காரன் இல்லை. மருமகளும் இல்லை. யாரோ யாருக்காகவோ அந்தப் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தியிருக்கிறார்கள். யார், எப்போது, யாருக்காக என்பது தூசியில் எழுதியிருக்கவில்லை. ஆனால் நம் காரியத்துக்கு இதுவே போதும்.

ஸ்டூலிலிருந்து இறங்கும்போது இருபது வயது குறைந்தது போல இருந்தது. உடனே மருமகளிடம் சொல்லவும்.

மிகுந்த நம்பிக்கையுடன்,
சம்பந்தி


பெண் வீட்டிலிருந்து
ஏப்ரல் 27

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் விசாரணையெல்லாம் அடுத்த கடிதத்தில். இது அவசரம்.

தங்கள் கடிதத்தைக் குழந்தையிடம் படித்துக் காட்டினேன். ராத்திரி சாப்பிட வரவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டவள், வாசற்படியில் நின்று, என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக் கேட்டாள்:

"எந்த ஓரத்துல அதிகமாம்?"

எனக்கு விளங்கவில்லை. என் மனைவிதான் விளக்கினாள். அவள் அங்கே இருந்தவரை எந்தப் பக்கம் எத்தனை நாள் ஓடியது என்பது அவளுக்கே தெரியும். அவள் வந்த பிறகு ஓடியதுதான் தெரியாது. தனியாக இருக்கிற மனுஷன், கேட்க யாரும் இல்லாதபோது, தன் பக்கம் ஓட்டினாரா அவள் பக்கம் ஓட்டினாரா? அதுதான் கேள்வி. இரண்டு மாதத்தில் மாப்பிள்ளையைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இதுதான் சம்பந்தி.

அதை அவரிடமே கேட்டுவிடலாமே என்று தாங்கள் நினைக்கலாம். அப்படிக் கேட்கக் கூடியவர்களாக இருந்தால் நமக்கு இந்தத் தபால் செலவு எதற்கு?

முள் போகிற பக்கம் சுற்றும்போது முன்னால் வரும் ஓரம் அவளுடையது. மற்றது மாப்பிள்ளையுடையது. எதில் அதிகம்? உடனே எழுதவும். ஒரு வரி போதும்.

சம்பந்தி


பையன் வீட்டிலிருந்து
மே 23

அன்புமிக்க சம்பந்திக்கு,

நமஸ்காரம். ஒரு வரி எழுத இருபத்தாறு நாள் ஆகியிருக்கிறது. சர்க்கரை கூடியிருந்தது. கூடியதற்குக் காரணமும் அந்த ஒரு வரிதான்.

துடைத்துவிட்டேன்.

தாங்கள் கோபப்படும் முன் கேளுங்கள். நாற்பது வருடம் நான் செய்த வேலையின் சாரம் ஒன்றே ஒன்றுதான்: தூசியைக் கண்டால் துடை. ஒரு கைக்கடிகாரம் நின்றுபோக ஒரு துளித் தூசி போதும். என் சட்டைப்பையில் கைக்குட்டை இருக்காது, துடைக்கிற துணி இருக்கும். அன்று இரண்டு ஓரத்திலும் தூசியைப் பார்த்த சந்தோஷத்தில், என் கை பாட்டுக்கு அந்தத் துணியை எடுத்து, முதலில் வாயால் ஊதி, பிறகு மூன்று இறக்கையையும் மேலும் கீழும் துடைத்து, மூலையில் மிச்சமிருந்ததையும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டது. அதன் பிறகுதான் இறங்கினேன். அந்த இருபது வயது குறைந்த கதையில் இதையும் எழுதியிருக்க வேண்டும். இதைப் பெரிதாக நினைக்கவில்லை. நன்றாகச் செய்தேன் என்றுகூட நினைத்தேன்.

எந்த ஓரத்தில் அதிகம் என்று பார்க்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவனாகிவிட்டேன்.

இவளிடம் சொன்னேன். "வீட்டுல ஒரு தடவை துடைச்சிருக்கீங்களா?" என்றாள். இருமலுக்கு நடுவில் கேட்டதால் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

மன்னிப்பு கேட்க வார்த்தை இல்லாமல்,
சம்பந்தி


பெண் வீட்டிலிருந்து
மே 30

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரைக்கு நடப்பது நல்லது என்கிறார்கள். எனக்கு நடந்தால் முழங்கால் வலிக்கிறது. தங்கள் காலும் என் கணையமும் ஒரே உடம்பில் இருந்தால் ஒரு ஆளாவது தேறியிருப்போம்.

தங்கள் கடிதம் வந்தது. குழந்தையிடம் காட்டவில்லை. அலமாரியில், காலாவதியான காப்பீட்டுத் தாள்களுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது மேஜை மேல் ஒருமுறை பார்க்கிறாள். தபால் வந்ததா என்று கேட்பதில்லை.

தாங்கள் ஸ்டூல் மேல் நின்ற அந்த நேரத்தை மறுபடி நினைத்துப் பார்க்க முடியுமா? நிதானமாக. நாற்பது வருடம் அணுவளவு திருகாணிகளைப் பார்த்த கண் அது. துடைத்தது கைதான், கண் ஏதாவது பார்த்திருக்கக் கூடும். நினைவு என்பது சில சமயம் தாமதமாக வரும். என்ன நினைவு வந்தால் நல்லது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் உலகம் தெரிந்தவர்.

சம்பந்தியம்மாவின் இருமலுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கலாமே.
சம்பந்தி


பையன் வீட்டிலிருந்து
ஜூன் 8

அன்புமிக்க சம்பந்திக்கு,

நமஸ்காரம். டாக்டரைப் பார்த்தோம். இருமல் இருப்பதாகச் சொன்னார்.

தாங்கள் சொன்னபடி நிதானமாக யோசித்ததில் நினைவு வந்துவிட்டது. மருமகள் பக்கத்து ஓரத்தில்தான் அதிகம். சுமார் மூன்று மடங்கு. அதுவும் பழைய தூசி அல்ல, புதிய தூசி; பழையது கறுப்பாக இருக்கும், இது சாம்பல் நிறத்தில் இருந்தது. மூன்று இறக்கையிலும் ஒரே மாதிரி. இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

இந்தக் கடிதத்தை மருமகளிடம் தாராளமாகக் காட்டலாம்.

சம்பந்தி


பெண் வீட்டிலிருந்து
ஜூன் 20

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். யார் யார் சுகம் என்று எழுத இன்று மனமில்லை.

காட்டினேன். உட்கார்ந்து, முழுவதும் படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள்.

"மாமா போன மாசம் துடைச்சிட்டேன்னு எழுதியிருந்தாரே. அதை எங்கப்பா வச்சிருக்கீங்க, இன்சூரன்ஸ் கட்டுலதானே?"

எப்போதோ எடுத்துப் படித்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த எனக்கு இது வேண்டும். நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ரெண்டு பேரும் ரொம்ப நல்லா எழுதறீங்கப்பா. புத்தகமாவே போடலாம்" என்றாள். பிறகு என் இடது முழங்காலுக்கு அவளே ஒத்தடம் கொடுத்தாள்.

அன்றிலிருந்து மேஜையைப் பார்ப்பதில்லை. நேராக உள்ளே போய்விடுகிறாள். பரிசோதனைக் கூடத்தில் வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். கையெழுத்துப் போட ஜூலை கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். போட்டுவிட்டால் அவள் இந்த ஊர்க்காரிதான். நான் லிஃப்டில் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறேன் சம்பந்தி. வீட்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை.

இனி ஃபேனைப் பற்றி எழுத வேண்டாம்.

சம்பந்தி


பையன் வீட்டிலிருந்து
ஜூலை 9

அன்புமிக்க சம்பந்திக்கு,

நமஸ்காரம். எழுத வேண்டாம் என்றீர்கள். வேறு எதுவும் எழுத எனக்குத் தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளவும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். மத்தியானம் மூன்று மணி. இந்த வருடம் வெயில் ஜூலையிலும் இறங்கவில்லை. செருப்போடு நின்றாலும் உள்ளங்கால் சுட்டது. பையன் பனியனோடு வந்து கதவைத் திறந்தான். பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. கையில் ஆபீஸ் ஃபைலின் அட்டை. அதை வைத்து விசிறிக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே ஃபேன் நிற்கிறது.

"கரண்ட் இல்லையாடா?"

"இருக்குப்பா."

"ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பின்னே போட வேண்டியதுதானே?"

அவன் அட்டையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். நான் என்ன செய்தேன் என்றால், கடிகாரக்காரன் புத்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். அவன் தடுக்கவில்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். நான் துடைத்து இரண்டரை மாதம் ஆகிறது. இரண்டு ஓரத்திலும் தூசி இல்லை. இறக்கைகளின் மேற்பரப்பில் மட்டும், அலமாரி மேல் படிகிற மாதிரி, சமமாகப் படிந்திருந்தது. ஓடாத ஃபேனின் தூசி. துணி சட்டைப்பையில்தான் இருந்தது. தொடவில்லை.

ஸ்டூல் மேலிருந்தே கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கும் தைரியம் இல்லை.

"எத்தனை நாளா போடல?"

"அவ போனதுலேர்ந்து."

"ஏன்டா?"

ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "தெரியலப்பா" என்றான்.

மேற்கொண்டு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் இன்னொரு ஃபைலின் அட்டையைக் கிழித்து என்னிடம் கொடுத்தான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஐந்து மணிவரை விசிறிக்கொண்டிருந்தோம். எழுந்து ஸ்விட்சைப் போட எனக்கும் கை வரவில்லை. போட்டால் ஏதாவது ஒரு பக்கம் சுற்றிவிடுமே.

ஆகவே சம்பந்தி, நான் துடைத்தது எல்லாம் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த காலத்துத் தூசி. மருமகள் கேட்டதற்கு அதில் பதில் இருந்திருக்கவே இல்லை. அந்த மட்டில் என்னால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று ஆறுதல் அடையப் பார்க்கிறேன். முடியவில்லை. அவன் போடாமல் இருப்பதை எந்தப் பக்கமாக எடுத்துக்கொள்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இது இல்லை.

மருமகளிடம் சொல்வதும் சொல்லாததும் தங்கள் விருப்பம். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. சென்ற முறைக்குப் பிறகு நம்புவீர்களோ தெரியவில்லை. பையன் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கேட்டு வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் அவன் கைவியர்வையில் ஊறி மடங்கிப்போயிருக்கிறது.

சம்பந்தி


பெண் வீட்டிலிருந்து
ஜூலை 16

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இம்முறை கடிதத்தை ஒளிக்கவில்லை. அட்டையோடு மேஜை மேல் வைத்துவிட்டு, கண்ணில் படாமல் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்.

"இந்த வெயில்லயா?"

அவ்வளவுதான். அது கோபமா, இரக்கமா, இல்லை வெறும் கேள்விதானா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் எனக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு நாளாகக் குழந்தை வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறாள். கையெழுத்துப் போடுவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. பரண் மேல் இருந்த இரண்டு பெட்டியில் ஒன்று கீழே இறங்கியிருக்கிறது. கூடத்தில் திறந்து கிடக்கிறது, காலியாக. யாரும் அதை நகர்த்தவில்லை. சுற்றிக்கொண்டு நடக்கிறோம்.

நின்றுபோன லிஃப்டைப் பற்றி ஏப்ரலில் எழுதியிருந்தேன். உள்ளே ஆள் இருந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்று அப்போது எழுதாமல் விட்டுவிட்டேன். பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டார் மேலே இருக்கும், சாவி வேறு ஆளிடம் இருக்கும், அவர் வரும்வரை கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். உள்ளேயிருந்து அவ்வப்போது குரல் வரும்: "வெளியே யாராவது இருக்கீங்களா?" நாங்கள் பதில் சொல்வோம். முப்பத்தோரு வருடத்தில் அந்தப் பதிலை மட்டும்தான் நான் தவறாமல் சொல்லியிருக்கிறேன்.

இருக்கிறோம்.

சம்பந்தி